பூவாடைக்காரிக்கு ஒரு வாய்த் தண்ணீர்

"அம்மாவுக்கு என்ன கலர்ப்பா பிடிக்கும்?"

தமிழினி இரண்டு புதுப் புடவைகளைச் சோபாமேல் விரித்து வைத்துவிட்டுக் கேட்டாள். ஒன்று அரக்கு, ஒன்று கிளிப்பச்சை. தசரதன் வாய் திறப்பதற்குள் அவருடைய அண்ணி அங்காளம்மா சமையலறையிலிருந்து வேகமாக வந்துவிட்டாள். கையெல்லாம் வடைமாவு.

"பச்சை" என்றார் தசரதன். கொஞ்சம் பொறுத்து, "அண்ணி, வடையில பச்சமொளகா போடாதீங்க. அவளுக்குக் காரம் ஆவாது. நெஞ்சு எரியும்" என்றார்.

செத்துப்போய்ப் பதினெட்டு வருஷமான ஒருத்திக்கு நெஞ்செரிச்சல் வந்துவிடுமே என்று கவலைப்படுகிற மனுஷனை அங்காளம்மா முறைத்தாள். அந்த முறைப்பில் அவர் தலையைக் குனிந்துகொண்டு செல்போனைத் துடைக்க ஆரம்பித்தார். தமிழினியின் கண்ணில் இது எதுவும் படவில்லை. இத்தனை வருஷமாகியும் அம்மாவுக்கு ஆகாததை அப்பா மறக்கவில்லையே என்று அவளுக்குக் கண் கலங்கியது. பச்சையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் அந்த வீட்டில் பூவாடைக்காரி படையல். மறுநாள் தமிழினிக்குக் கல்யாணம்.

முடிச்சூர்ப் பக்கத்துப் பழைய குடும்பங்களில் இது விடாத வழக்கம். புருஷன் உயிரோடு இருக்கும்போதே பூவும் பொட்டுமாகப் போய்ச் சேர்ந்தவள் அந்த வீட்டுக்குத் தெய்வமாகிவிடுகிறாள். கல்யாணம் என்றால் முதல் மரியாதை அவளுக்குத்தான். ஏரிக்கரையில் கலசம் ஜோடித்து, பம்பை அடித்து, பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். அவள் யாராவது ஒருத்தியின்மேல் இறங்கி 'வந்தேன்' என்று சொன்ன பிறகுதான் கலசத்தை வீட்டுக்குத் தூக்கலாம். பிறகு இலை போட்டு, புதுப்புடவை வைத்து, அவளுக்குப் பிடித்ததையெல்லாம் பரப்ப வேண்டும். அவள் மனம் கோணினால் கல்யாணம் விளங்காது. உயிரோடு இருக்கிற மருமகளின் மனம் கோணினால் என்ன ஆகும் என்று இந்த வீடுகளில் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. அந்த மரியாதை வேண்டுமென்றால் செத்துத்தான் ஆக வேண்டும்.

தசரதன் வீட்டுப் பூவாடைக்காரியின் பெயர் சாமுண்டீஸ்வரி. கூடத்துச் சுவரில் பிளாஸ்டிக் மாலையோடு, எந்நேரமும் எரிகிற சின்னச் சிவப்பு விளக்கோடு தொங்கினாள். அதே சாமுண்டீஸ்வரி அந்த நேரத்தில் பெரும்பாக்கம் குடியிருப்பில், லிப்டுக்கு நிற்கப் பொறுமையில்லாமல் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நான்காவது மாடிக்குப் படியேறிக்கொண்டிருந்தாள்.

அவள் செத்த கதை சின்னக் கதைதான்.

நெல் விளைந்த நிலத்தையெல்லாம் மனை போட்டு விற்ற காலத்தில் தசரதன் கையில் காசு புரண்டது. கூட்டாளிகளோடு கார் எடுத்துக்கொண்டு எங்கெங்கோ போய்வந்தார். போய்வந்த இடத்திலிருந்து கொண்டுவந்ததைப் பெண்டாட்டிக்கும் கொடுத்தார். அவள்தான் முதலில் இளைத்தாள், இருமினாள். ஆஸ்பத்திரியில் டிபி என்றார்கள். ரத்தத்தைப் பார்த்துவிட்டு எச்.ஐ.வி. என்றார்கள். அவருக்கும் பார்த்தார்கள், அவருக்கும் இருந்தது. நாலு வயதுத் தமிழினிக்கு இல்லை. அந்த ஒரு சந்தோஷத்தைத் தாய்தான் அழுது கொண்டாடினாள்.

இருவருக்கும் வியாதி ஒன்று, மருந்து ஒன்று. ஆனால் வீட்டில் தசரதனுக்கு வந்தது சுகர். சாமுண்டீஸ்வரிக்கு வந்தது வாயால் சொல்லக்கூடாத வியாதி. அவளுடைய டம்ளர் மாட்டுக் கொட்டகைக்குப் போனது. அதன்பிறகு அந்த வீட்டில் யாரும் அவள் கையில் தண்ணீர் கொடுத்ததில்லை. தரையில் வைத்துக் காலால் நகர்த்துவார்கள். அங்காளம்மா கெட்டவள் என்று சொல்ல முடியாது. தெருவில் எல்லோரும் எதற்குப் பயந்தார்களோ அதற்கு அவளும் பயந்தாள். பயந்தவள் கையில் அதிகாரமும் இருந்தது, அவ்வளவுதான்.

ஒருநாள் தசரதனே அவளை ஆட்டோவில் கூட்டிப்போய் வார்டில் சேர்த்தார். சாத்துக்குடி வாங்கிவருவதாகச் சொல்லிப் போனவர் திரும்பி வரவில்லை. சில நாள் கழித்து முடிச்சூரில் அவள் செத்துவிட்டாள் என்று சொன்னார்கள். இந்த மாதிரி வியாதி, உடம்பைக் கொண்டுவர முடியவில்லை, அங்கேயே எரித்துவிட்டோம் என்றார்கள். யாரும் துருவிக் கேட்கவில்லை. அந்த வியாதி என்றால் துக்கம்கூடத் தள்ளி நின்றுதான் விசாரிக்கும். கருமாதிச் சோற்றுக்குச் சாமுண்டீஸ்வரியின் கூடப்பிறந்த அண்ணனே வந்து உட்கார்ந்தான். தங்கை வார்டில் கண்விழித்துக் கஞ்சி குடிப்பதை முந்தின நாள் பார்த்துவிட்டு வந்தவன் அவன். அவன் வீட்டிலும் கட்டிக்கொடுக்க வேண்டிய பெண் இருந்தாள்.

அவள் சாகவில்லை, பிழைத்துக்கொண்டாள். அரசாங்கம் இலவசமாக மாத்திரை கொடுக்க ஆரம்பித்திருந்த புதிது. அதைத் தின்று பிழைத்தாள். பிழைத்தது மாத்திரையால் மட்டும் என்று சொல்லிவிட முடியாது. பக்கத்துக் கட்டில் ஞானசௌந்தரிக்கும் அதே மாத்திரைதான் கொடுத்தார்கள். அவள் தேறி ஊருக்குப் போனாள். யாருக்கும் தெரியாமல் அரிசிப் பானைக்குள் மறைத்து வைத்துச் சாப்பிட்டாள். மாமியார் கண்டுபிடித்துக் குப்பையில் கொட்டினாள்; அடுத்த மழைக்காலத்தை ஞானசௌந்தரி பார்க்கவில்லை. சாமுண்டீஸ்வரிக்கு மறைக்க வேண்டிய வீடே இல்லாமல் போனது. அந்த விதத்தில் அவளைக் கைகழுவியவர்கள் அவளுக்கு நல்லதுதான் செய்திருக்கிறார்கள்.

எழுந்து நடமாட முடிந்ததும் அவள் முடிச்சூருக்குத்தான் போனாள். அங்காளம்மா கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டாள். உள்ளே குழந்தையின் சிரிப்புச் சத்தம் கேட்டது.

"உனக்குக் கருமாதியே முடிஞ்சிபோச்சி. போட்டோ மாட்டி வெளக்கும் வெச்சாச்சி. இப்ப நீ உள்ள வந்தீன்னா இந்தப் பொண்ண எவன் கட்டுவான்? புள்ள வாழணும்னா நீ வராத."

மறுமாதம் மாத்திரை வாங்குகிற வரிசையில் தசரதன் அவளுக்குப் பின்னால் வந்து நின்றார். தொப்பியும் கைக்குட்டையுமாக முகத்தை மறைத்திருந்தார். அவள் திட்டவில்லை. அவருக்கும் உயிர்மேல் ஆசை இருக்கும் என்று நினைத்தாள். அவர் அழுதார். ஆஸ்பத்திரி மரத்தடியில் வைத்து ஒரு சத்தியமும் செய்தார்.

"பொண்ணு கல்யாணம் வரைக்கும் பொறுத்துக்கோ சாமுண்டி. தாலி ஏறசொல்ல நீ முன்னாடி வந்து நில்லு. ஊரு இன்னா வேணா சொல்லட்டும், நான் பாத்துக்கறேன்."

அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் அவள் இத்தனை வருஷம் செத்தவளாக இருந்தாள். சோழிங்கநல்லூரில் பெண்கள் ஹாஸ்டல் ஒன்றில் சமையல் வேலை கிடைத்தது. விளக்கு வைக்கிற நேரத்தில் மாத்திரை. இருவருக்கும் ஒரே நேரத்தைத்தான் ஆஸ்பத்திரியில் அப்போது குறித்துக் கொடுத்திருந்தார்கள். அவள் ஒருநாள்கூடத் தவறவிட்டதில்லை. ரத்தத்தில் கிருமி அகப்படவேயில்லை என்று டாக்டர் சொல்லியே பல வருஷமாகிறது. முடிச்சூரிலும் அதே நேரத்துக்கு தசரதனின் போனில் அலாரம் அடிக்கும். எங்கிருந்தாலும் தமிழினி ஓடிவந்து, "சுகர் மாத்திரைப்பா" என்று தண்ணீர்ச் சொம்பை நீட்டுவாள். அப்பாவின் அந்த வெள்ளை டப்பாவை, ஊதா மூடியோடு, தூக்கத்தில் கேட்டாலும் அவளால் எடுத்துக் கொடுக்க முடியும்.

மாதாமாதம் வரிசையில் தசரதன் போனை நீட்டி மகளின் படங்களைக் காட்டுவார். பள்ளிக்கூட ஆண்டுவிழா, வயதுக்கு வந்த சடங்கு, காலேஜ், கம்பெனி அடையாள அட்டையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நிற்பது. யாரோ தூரத்துச் சொந்தக்காரி போலப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பாள். அங்காளம்மாவின் மகள் ஜெயஸ்ரீயின் கல்யாணத்தில் பூவாடைக்காரிக்குப் படைத்த அதிரசத்தைக்கூட ஒரு கவரில் கொண்டுவந்து கொடுத்தார். பூவாடைக்காரி அங்காளம்மாமேல் இறங்கி, எனக்கு ஒரு குறையும் இல்லை என்று வாக்குச் சொன்னதாம். தன் ஆவிக்குப் படைத்த அதிரசத்தைக் கடித்துக்கொண்டு சாமுண்டீஸ்வரி விழுந்து விழுந்து சிரித்தாள். அன்றைக்கு அது சிரிப்பாகத்தான் இருந்தது.

பெருவெள்ளம் வந்த வருஷம் முடிச்சூரில் மாடி வரைக்கும் தண்ணீர் என்று கேள்விப்பட்டு, ஹாஸ்டலில் செய்த புளிசாதப் பொட்டலங்களோடு இடுப்பளவு தண்ணீரில் போனாள். படகிலிருந்து இறக்கிவிடப்பட்ட கூட்டத்தில் மகள் நின்றாள். பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, "தேங்க்ஸ் ஆன்ட்டி" என்றாள். அந்த 'ஆன்ட்டி' என்ற சொல்லை வைத்துக்கொண்டு சாமுண்டீஸ்வரி எத்தனையோ நாள் தூங்கியிருக்கிறாள்.

போன மாதம் வரிசை முடிந்ததும் தசரதன் அவளை டீக்கடைக்குக் கூப்பிட்டார். கல்யாணத்துக்கு என்ன புடவை கட்டுவது என்று கேட்க வேண்டுமென்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அவர் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். மாப்பிள்ளை தினகரன் நல்ல பையன், ஆனால் அவன் வீட்டார் பெரிய இடம் என்றார். அண்ணனும் அண்ணியும்தான் தாரை வார்க்கிறார்கள் என்றார். கடைசியில் விஷயத்துக்கு வந்தார்.

"நீ வர வேணாம் சாமுண்டி. எவனாவது கேட்டா பேஜாராப் பூடும். தாலி கட்டசொல்ல மேடையில உன் போட்டோவ வெக்கறோம். மால போட்டு, நல்லா ஜோடிச்சி. நீயும் இருந்த மாதிரிதான்."

அவள் டீயைக் கீழே வைத்தாள்.

"போட்டோ பாக்காது மாமா" என்றாள்.

  வியாதி கொடுத்ததை மன்னித்தாள், வார்டில் விட்டதை மன்னித்தாள், கருமாதி செய்ததைக்கூட மன்னித்தாள். இத்தனை வருஷமும் வரிசையில் நின்று படம் காட்டியதெல்லாம் அவள் வாயை அடைத்து வைக்கத்தானா என்று அன்றைக்குத்தான் முதல்தடவை தோன்றியது. 

வர வேண்டாம் என்று அவர் சொல்லியிருந்தாலும் படையலன்று அவளால் வீட்டில் இருக்க முடியவில்லை. ஏரிக்கரையில் கூட்டத்தோடு கூட்டமாக நின்று பெண்ணின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு வந்துவிடுவது என்றுதான் கிளம்பினாள். பையில் மாத்திரை டப்பாவை மட்டும் எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

முடிச்சூர் ஏரியில் தண்ணீரைவிட ஆகாயத்தாமரை அதிகம். அக்கரையில் அடுக்குமாடி வீடுகள். கரையோரம் கொஞ்சம் இடத்தைச் சுத்தம் பண்ணிக் கோலம் போட்டு, மல்லிகைப் பூவால் கலசத்தை மூடியிருந்தார்கள். கூடத்துப் படத்தைக் கழற்றிக் கொண்டுவந்து பக்கத்தில் சாய்த்து வைத்திருந்தார்கள். பச்சைப் புடவை தாம்பாளத்தில் இருந்தது. பங்காளிகளும் தெருக்காரர்களும் சுற்றி நின்றார்கள். நெற்றிநிறைய விபூதியோடு பம்பைக்காரர் குமரேசன் தோலைத் தட்டிப் பார்த்தார். வேடிக்கை பார்க்க வந்த பெண்களுக்குப் பின்னால் முக்காடு போட்டுக்கொண்டு சாமுண்டீஸ்வரி நின்றாள். மகளின் முகம் நன்றாகத் தெரிந்தது. மூக்கு அவளுடைய மூக்கு.

பம்பை முழங்கியது. குமரேசன் பெயர் சொல்லி அழைத்தார். சாமுண்டீஸ்வரி, பூவோடு போன தாயி, உன் பொண்ணு கல்யாணத்துக்கு வந்துடு என்று குரல் தழுதழுக்கக் கூப்பிட்டார். அந்த வீட்டிலிருந்து அவள் காதுபட வா என்று கூப்பிட்ட குரல் பதினெட்டு வருஷத்தில் அது ஒன்றுதான்.

வழக்கம்போல அங்காளம்மாவின் உடம்பு ஆட ஆரம்பித்தது. கொண்டை அவிழ்ந்தது. அவளுடைய புருஷன் வீராசாமி அவளைத் தாங்கிப் பிடித்தார்.

"எனக்கு ஒரு கொறையும் இல்ல" என்றாள் அங்காளம்மா, மூக்கால் பேசும் குரலில். "என் பொண்ண பெத்தவளுக்கு மேல அங்காளம்மா அக்காதான் வளத்தாங்க. அவங்களே தாயா நின்னு தாரவாத்துக் குடுக்கட்டும். எனக்கு அதான் சந்தோசம்."

கூட்டத்தில் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். தமிழினி மண்டியிட்டு அங்காளம்மாவின் காலைப் பிடித்தாள். இந்தக் கேள்வியைச் சின்ன வயதிலிருந்தே வைத்திருப்பாள் போலிருக்கிறது.

"ஏம்மா என்னை விட்டுட்டுப் போன?"

"எமன் கூப்ட்டான் கண்ணு. பூட்டேன்."

ஜெயஸ்ரீ கல்யாணத்தில் நடந்ததைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தவளுக்கு இப்போது சிரிப்பு வரவில்லை. டம்ளரை எடுத்துக்கொண்டார்கள், வீட்டை எடுத்துக்கொண்டார்கள், பெண்ணை எடுத்துக்கொண்டார்கள். கடைசியில் அவள் வாயையும் எடுத்து அவர்களே பேசிக்கொண்டிருந்தார்கள். பெண் கேட்டது அவளை. பதில் சொல்ல வேண்டியது அவள். சாமுண்டீஸ்வரி முக்காட்டை எடுத்துவிட்டு முன்னால் வந்தாள்.

"எமன் கூப்டலம்மா. உங்கப்பாதான் ஆட்டோவுல இட்டுகினு போய் ஆஸ்பத்திரில வுட்டுட்டு வந்தாரு. நான் உன்ன வுட்டுட்டுப் போவல."

பம்பை நின்றது. அதற்கும் முன்பே அங்காளம்மாவின் ஆட்டம் நின்றுவிட்டது. வயதான பங்காளி ஒருவர் சாய்த்து வைத்த படத்தையும் வந்து நின்றவளையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு இரண்டடி பின்னால் போனார். எல்லோரும் தசரதனைப் பார்த்தார்கள். சாமுண்டீஸ்வரியும் பார்த்தாள். இந்த மனுஷன் இப்போது ஒரு வார்த்தை சொன்னால் போதும், நடந்ததையெல்லாம் இன்னொருமுறை மன்னித்துவிடலாம் என்று அவளுக்கு அந்த நேரத்திலும் இருந்தது.

"யாரும்மா நீ?" என்றார் தசரதன். குரல் உடைந்தது, ஆனாலும் சொல்லி முடித்தார். "யார்னே தெரியல. புத்தி சரியில்லாத மாதிரி கீது. அப்பால கூட்டினு போங்க."

ஒன்றிரண்டு பேர் அவளை நோக்கி நகர்ந்தார்கள். கையைப் பிடிக்க யாரும் துணியவில்லை. அவள் அழவில்லை. இவருக்காகவா இத்தனை வருஷம் செத்துக்கிடந்தோம் என்று வெட்கமாக இருந்தது.

அப்போது தசரதனின் சட்டைப் பையில் அலாரம் அடித்தது. கையை வைத்து அமுக்கினார். அவர் அமுக்கிய பிறகும் சத்தம் கேட்டது. அது சாமுண்டீஸ்வரியின் பையிலிருந்து வந்தது. யார் என்ன சொன்னாலும் நேரம் தவறக்கூடாது என்று பழகிப்போனவள். போனை நிறுத்திவிட்டு டப்பாவை எடுத்துத் திறந்து ஒரு மாத்திரையை உள்ளங்கையில் கொட்டினாள். வெள்ளை டப்பா, ஊதா மூடி.

தமிழினி எழுந்து நின்றாள். டப்பாவைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். தசரதன் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றாள் சாமுண்டீஸ்வரி, யாரிடமென்று இல்லாமல். ஒருவரும் அசையவில்லை.

அலாரம் கேட்டால் தண்ணீர் எடுத்து நீட்டுவது தமிழினிக்குக் கைப்பழக்கம். அங்கே குடிக்கிற தண்ணீர் கலசத்தில் இருந்தது ஒன்றுதான். அவள் கலசத்திலிருந்த தேங்காயையும் மாவிலையையும் எடுத்துக் கீழே வைத்தாள். கலசத்தை இரண்டு கையாலும் தூக்கினாள்.

"அடி, அது பூவாடைக்காரிது" என்று அங்காளம்மா கத்தினாள். இப்போது அது அவளுடைய சொந்தக் குரல்.

"இவங்களுக்குத்தானே பெரிம்மா வச்சீங்க" என்றாள் தமிழினி. கலசத்தைக் கையோடு கை படும்படி கொடுத்தாள். பிறகு திரும்பாமலேயே, "அப்பா, உங்க மாத்திரை வீட்ல அலமாரியில இருக்கு. நீங்களே எடுத்துப் போட்டுக்கங்க" என்றாள்.

சாமுண்டீஸ்வரி மாத்திரையை வாயில் போட்டு, மல்லிகை வாசனை அடித்த தண்ணீரைக் குடித்தாள். மகள் விரல் பட்ட இடம் சூடாக இருந்தது.

குமரேசனுக்கு என்ன செய்வதென்று புரியவில்லை. எத்தனையோ வீட்டுப் பூவாடைக்காரிகளைக் கூப்பிட்டவர், ஒருத்தி நடந்து வந்து இப்போதுதான் பார்க்கிறார். ஆனால் அவருடைய தொழிலுக்கு ஒரு முறை உண்டு. கூப்பிட்டாகிவிட்டது, பதில் வாங்காமல் கரையை விட்டுப் போகக்கூடாது. பம்பையைத் தோளில் சரிசெய்துகொண்டு அவள் பக்கம் திரும்பினார்.

"மொறைப்படி ஒரு வார்த்த சொல்லணும் தாயி. அப்பத்தான் வூட்டுக்கு அழச்சிகினு போவ முடியும்."

சாமுண்டீஸ்வரி வாயைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். பச்சைப் புடவையைத் தாம்பாளத்திலிருந்து எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். மகளைப் பார்த்தாள்.

"வந்தேன்" என்றாள்.